மைலேஜ் கூட்டும் கருவிகளை நம்பலாமா? நீங்களே சோதித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

எரிபொருள் குழாயில் கட்டும் காந்தம், காற்று நுழையும் வழியில் செருகும் சுழல் தகடு, சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் சிறு பெட்டி, தண்ணீரைப் பிரித்து வாயு தரும் குடுவை, டேங்கில் போடும் மாத்திரை. உருவம் வேறு வேறு, வாக்குறுதி ஒன்றுதான். மைலேஜ் 20 முதல் 30 சதவீதம் கூடும், புகையின் நச்சு பாதியாகும் என்பார்கள். இவற்றை வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. ஆனால் அந்த முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் பயனில்லை. அடுத்த ஆண்டு இதே சரக்கு வேறு பெயரில், வேறு பெட்டியில் வரும். எந்தக் கருவி வந்தாலும் வாங்குபவரே எடைபோட்டுப் பார்க்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. கூட்டவும் வகுக்கவும் தெரிந்து, கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதல் படி: மிச்சமாகப் போகும் எரிபொருள் இப்போது எங்கே போகிறது?

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலான கருவிகள் இந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடும்.

வழக்கமாக வரும் பதில், "இன்ஜினில் பெட்ரோல் முழுதாக எரிவதில்லை, எங்கள் கருவி அதை முழுதாக எரிய வைக்கும்" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உண்மை நிலவரம் வேறு. நல்ல நிலையில் உள்ள இன்றைய பெட்ரோல் இன்ஜின் சூடேறிய பிறகு, உள்ளே வரும் எரிபொருளில் ஏறத்தாழ 98 சதவீதத்தை எரித்துவிடுகிறது. மீதியின் பெரும்பகுதியும் சைலன்சர் வழியில் உள்ள, புகையின் நச்சைச் சிதைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்துபோகிறது. ஒரு கருவி மீதமுள்ள அந்த 2 சதவீதத்தையும் குறையில்லாமல் எரித்துக் காட்டினால்கூட, கிடைக்கும் லாபம் 2 சதவீதத்தைத் தாண்ட வழியில்லை. 30 சதவீதம் எங்கிருந்து வரும்?

அப்படியானால் இன்ஜினில் இழப்பே இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. எரிபொருளின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் உருப்படியான வேலையாக மாறுகிறது. மற்றதெல்லாம் வெப்பமாக ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியேறுகிறது. இது எரிந்து முடிந்த பிறகு நேரும் இழப்பு. இன்ஜினின் அழுத்த விகிதம், வால்வு இயங்கும் நேரம், உராய்வு, வாகனத்தின் எடை ஆகியவற்றைப் பொறுத்தது. குழாயில் கட்டிய காந்தமோ டேங்கில் கரைந்த மாத்திரையோ அதன் பக்கம்கூடப் போவதில்லை.

"பெரிய நிறுவனங்கள் இதை மறைக்கின்றன" என்ற பேச்சு அடுத்து வரும். இதற்கும் கணக்கிலேயே பதில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நிறுவனம் விற்கும் புதிய கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு அளவு அதற்குரிய இலக்கைத் தாண்டினால், கிலோமீட்டருக்குத் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும், பதிவாகும் ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். கிலோமீட்டருக்கு 120 கிராம் வெளியிடும் காரில் 20 சதவீதம் குறைந்தால் 24 கிராம் மிச்சம். இலக்கைத் தாண்டி நிற்கும் நிறுவனத்துக்கு அதன் மதிப்பு காருக்கு 2,280 யூரோ. ஆண்டுக்குப் பத்து லட்சம் கார் விற்கும் நிறுவனம் இதை விட்டுவைக்குமா? ஒரு சதவீத லாபத்துக்காக இன்ஜின் ஆயிலின் பிசுபிசுப்பைக் குறைத்து, நின்றவுடன் அணைந்து தானே கிளம்பும் ஏற்பாட்டைச் சேர்த்து, ரேடியேட்டர் முன்னால் திறந்து மூடும் இதழ்களைப் பொருத்தும் பொறியாளர்கள், சில்லறை விலைக் காந்தம் பலன் தருமானால் முதல் நாளே அதைப் பொருத்தியிருப்பார்கள்.

2015 செப்டம்பரில் வெளிப்பட்ட ஃபோக்ஸ்வேகன் டீசல் மோசடியையும் நினைத்துப் பாருங்கள். சோதனைக் கூடத்தில் மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வாகனங்களில் வைத்திருந்தார்கள். பிடிபட்டபின் அந்த நிறுவனம் பல்லாயிரம் கோடி இழந்தது. புகையைச் சுத்தமாக்க எளிய கருவி ஒன்று இருந்திருந்தால் அத்தனை பெரிய ஆபத்தை யாரும் தலையில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: கருவி எந்த வகை என்று பிரித்தறியுங்கள்

காந்தங்கள்: பெட்ரோல், டீசல் இரண்டின் மூலக்கூறுகளும் காந்தத்துக்கு வசப்படுபவை அல்ல. "மூலக்கூறுகளை வரிசைப்படுத்தி எளிதில் எரிய வைக்கிறோம்" என்பதற்கு அடிப்படையே கிடையாது. 2004-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இத்தகைய காந்த விற்பனையாளர்கள் மீது நீதிமன்றத்துக்கே போனது.

சுழல் தகடுகள்: காற்றும் எரிபொருளும் நன்றாகக் கலக்கச் சுழற்சி தேவை என்பது மெய்தான். அந்தச் சுழற்சியை உண்டாக்கும்படிதான் உட்குழாயின் வளைவையும் பிஸ்டன் தலையின் வடிவத்தையும் ஏற்கெனவே செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றரை அடி முன்னால் நீங்கள் செருகும் தகடு கொடுக்கும் சுழல், வளைவுகளையும் த்ராட்டில் தட்டையும் வால்வையும் கடக்கும்போது குலைந்துபோகும். முழு வேகத்தில் காற்றை மறித்து இழுவையைக் குறைக்கும் வேலையை மட்டும் அந்தத் தகடு சரியாகச் செய்யும்.

விளக்கு எரியும் பெட்டிகள்: ஓபிடி துளையில் (இன்ஜின் கணினி குறித்துவைக்கும் கோளாறுகளை மெக்கானிக் படிக்கும் துளை) மாட்டி, "இன்ஜின் கணினியை மாற்றி எழுதுகிறது" என்று சொல்லி விற்பவற்றை நேரடியாகவே சோதிக்கலாம். அந்தத் துளையில் 16 முனைகள். மின்சாரம் 16-ஆம் முனையில் வருகிறது; இன்றைய கார்களில் கணினியோடு பேசும் கம்பிகள் 6-ஆம், 14-ஆம் முனைகளில். பெட்டியின் மூடியைக் கழற்றி, 6, 14 முனைகளிலிருந்து கிளம்பும் தடம் சர்க்யூட் பலகையில் எங்கே போகிறது என்று பாருங்கள். அங்கே அந்தச் செய்தியைப் படிக்கவும் அனுப்பவும் ஒரு சிப் இருக்க வேண்டும். இத்தகைய மலிவுப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் அப்படி எதையும் காணவில்லை. விளக்குகளைக் கண் சிமிட்ட வைக்கும் சிறு சிப், ஒரு பொத்தான், சில ரெசிஸ்டர்கள், அவ்வளவுதான். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டுபவை இதைவிட எளிமையானவை. ஒரு கெபாசிட்டரும் ஒரு விளக்கும் இருந்தால் அதுவே அதிகம். "மின்னழுத்தத்தைச் சீராக்குகிறோம்" என்பார்கள்; அந்த வேலையைக் காரின் பேட்டரியே செய்துகொண்டிருக்கிறது.

தண்ணீரிலிருந்து வாயு: இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், படித்தவர்களும் ஏமாறுவது இங்கேதான். குடுவை காரின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வரும் வாயுவை இன்ஜினில் எரிய விடுகிறது. அது 14 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அது 280 வாட். அந்த மின்சாரத்தை, இன்ஜின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் தருகிறது. அதன் திறன் 60 சதவீதம் என்றால் இன்ஜினிடமிருந்து அது 467 வாட் வாங்குகிறது. இன்ஜினின் திறன் 30 சதவீதம் என்றால் அதற்காக எரியும் பெட்ரோலின் ஆற்றல் 1,500 வாட்டுக்கு மேல். குடுவை ஒரு துளியும் வீணாக்காமல் வேலை செய்தால்கூட வெளிவரும் வாயுவின் ஆற்றல் 280 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் பாதிகூட வராது. ஆயிரத்து ஐந்நூறைக் கொடுத்து இருநூற்று எண்பதுக்கும் குறைவாகத் திரும்பப் பெறும் ஏற்பாடு இது. "வாயு பெட்ரோலை நன்றாக எரியத் தூண்டும்" என்று சமாதானம் சொல்வார்கள். நன்றாக எரிய வைத்தால் கிடைக்கக்கூடிய உச்ச லாபம் எவ்வளவு என்று முதல் படியில் பார்த்துவிட்டோம்.

மாத்திரைகள், திரவங்கள்: 2006-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநில அரசு, எரிபொருள் மாத்திரை விற்ற ஒரு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஆய்வில் அந்த மாத்திரை நாப்தலின் என்று தெரிந்தது. துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டை! எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் நல்ல திரவங்களை மட்டும் நான் தனியே வைக்கிறேன். படிவு சேர்ந்து அடைத்த இன்ஜெக்டரை அவை பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடும். இழந்ததை மீட்கும், இல்லாததைத் தராது. சுத்தமான இன்ஜெக்டரில் ஊற்றினால் எந்த மாற்றமும் தெரியாது.

சென்சாரை ஏமாற்றும் கருவிகள்: இவை வேலை செய்யும். எனக்கு இவற்றின் மீதுதான் கோபம் அதிகம். பெட்ரோல் இன்ஜினின் கணினி, ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தைக் காத்துக்கொள்கிறது. சைலன்சர் வழியில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு நொடிக்கு நொடி அதைத் திருத்துகிறது. சென்சாரின் குறிப்பைப் பொய்யாக்கி எரிபொருளைக் குறைக்கும்போது மைலேஜ் சற்றே கூடலாம். ஆனால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்க வேண்டுமானால் அந்த விகிதம் பிசகக் கூடாது. காற்று மிகுந்தவுடன் அந்த நச்சு அப்படியே தெருவுக்கு வருகிறது. கண்ணுக்குப் புகை தெரியாது. மூச்சுக்குழாய் நோய் உள்ள குழந்தைக்குத் தெரியும். இன்ஜினுக்குள் வெப்பம் ஏறி வால்வு தீய்வது தனிச் செலவு. பல நாடுகளில் இப்படி மாற்றுவது சட்டப்படி குற்றமும்கூட.

மூன்றாம் படி: சான்றிதழ் எதற்குச் சான்று என்று படியுங்கள்

காப்புரிமை பெற்றது என்றால் அந்த வடிவமைப்பு புதியது என்று பொருள். மைலேஜ் கூடும் என்று காப்புரிமை அலுவலகம் காரை ஓட்டிப் பார்க்கவில்லை. ஐஎஸ்ஓ 9001 என்பது நிறுவனத்தின் நிர்வாக ஒழுங்கு பற்றியது. பெட்டியின் மேல் உள்ள, ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ குறி பெரும்பாலான பொருள்களுக்குத் தயாரிப்பாளர் தாமே அறிவித்துக்கொள்வது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் பதிவு பெற்ற திரவம் என்பார்கள். அங்கே எரிபொருளில் கலக்கும் பொருள்களைப் பதிவு செய்வது சட்டக் கட்டாயம், அதில் பலன் பற்றிய பாராட்டு ஏதும் இல்லை.

அதே முகமை 1970-களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட எரிபொருள் சிக்கனக் கருவிகளைத் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே மைலேஜைச் சற்று உயர்த்தின. அவற்றிலும் சில, புகையின் நச்சைக் கூட்டின. விற்பவர் காட்டும் தாளில் இருக்க வேண்டியது இப்படியொரு பொதுச் சோதனைக் கூடத்தின் முழு அறிக்கை: எந்தக் கார், சோதனையில் எந்த வேக வரிசைப்படி ஓட்டினார்கள், எத்தனை முறை, கருவியோடும் கருவியின்றியும் அளந்த எண்கள். வாடிக்கையாளர் கடிதங்கள் எத்தனை இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

நான்காம் படி: செய்துகாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்

புகை அளக்கும் கருவியை உங்கள் கண்முன் வைத்து, முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு என்று காட்டினால் நம்பாமல் இருப்பது கடினம். எண்ணும் பொய்யில்லை, கருவியும் பொய்யில்லை. பொய் இருப்பது வரிசையில். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடான பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். குளிர்ந்த இன்ஜினில் முதல் அளவை எடுத்து, "கருவி பழகட்டும்" என்று ஒரு சுற்று ஓட்டிவந்து இரண்டாம் அளவை எடுத்தால், காரில் எதையும் மாட்டாவிட்டாலும் எண் சரியும். எனவே இன்ஜின் முழுதும் சூடாகும்வரை ஓட்டிய பிறகே முதல் அளவை எடுக்கச் சொல்லுங்கள். கருவியை மாட்டியபின் ஓர் அளவு, கழற்றியபின் மூன்றாவதாக ஓர் அளவும் கேளுங்கள். மூன்றாவதற்கு மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

டீசல் வண்டிகளில் வித்தை வேறு. நகரத்தில் மெதுவாக ஓடிய வண்டியின் குழாயில் கரி தங்கியிருக்கும். ஆக்சிலரேட்டரை முதல்முறை அழுத்தி மிதித்தால் அது கரும்புகையாக வெளியேறும். அடுத்தடுத்த மிதிகளில் தானே குறையும். முறையான புகைப் பரிசோதனையில் முதல் சில மிதிகளைக் கணக்கில் சேர்க்காததற்குக் காரணம் இதுவே.

குழாய் நுனியில் சொட்டும் தண்ணீரைக் காட்டி, "பாருங்கள், நச்சு போய்த் தண்ணீர்தான் வருகிறது" என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எல்லா கார்களிலும், எப்போதும். குழாய் குளிர்ந்திருந்தால் சொட்டும், சூடானால் ஆவியாகப் போய்விடும்.

ஐந்தாம் படி: கருவி ஏற்கெனவே கையில் இருந்தால், முறையாகச் சோதியுங்கள்

"நானே போட்டுப் பார்த்தேன், கூடியது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவர்களை ஏமாற்றுவது டேங்க்தான். 600 கிலோமீட்டர் ஓட்டி 40 லிட்டர் நிரப்பினால் மைலேஜ் 15. அதே ஓட்டத்தில் பம்பின் கைப்பிடி 2 லிட்டர் முன்னதாகவே நின்றுவிட்டால் நீங்கள் நிரப்பியது 38 லிட்டர், மைலேஜ் 15.8 என்று வரும். காரில் எதுவும் மாறாமலே 5 சதவீத லாபம்! விடுபட்ட 2 லிட்டரும் சேர்ந்து அடுத்த முறை 42 லிட்டர் பிடிக்கும்போது 14.3 ஆக இறங்கும்; அந்தத் தாளை யாரும் எடுத்து வைப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. காசு கொடுத்து வாங்கியபின் கால் தானாகவே மென்மையாகிறது. மைலேஜை உற்றுப் பார்க்கத் தொடங்கியவர் பிரேக்கைக் குறைக்கிறார், முன்கூட்டியே ஆக்சிலரேட்டரை விடுகிறார். லாபம் உண்மை, காரணம் காந்தம் அல்ல. வானிலையும் சேர்ந்துகொள்ளும்: 25 டிகிரியில் கிடைக்கும் நகர மைலேஜ், உறைநிலைக்குக் கீழே 7 டிகிரியில் சுமார் 15 சதவீதம் குறையும். குளிர்காலத்தில் வாங்கி வெயில் காலத்தில் அளந்தால் எந்தக் கருவியும் வெற்றி பெறும்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி நிற்கும் இடமும் சாய்வும் ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும், கைப்பிடி முதல் முறை தானாக நின்றவுடன் நிறுத்திவிடுங்கள். மேற்கொண்டு ஊற்ற வேண்டாம். டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது அளந்து ஒரே அளவில் வையுங்கள். ஓடோமீட்டர் எண்ணையும் லிட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காரின் திரை காட்டும் சராசரியை நம்பி முடிவெடுக்காதீர்கள். இரண்டு டேங்க் கருவியோடு, இரண்டு டேங்க் கருவியின்றி, மறுபடி கருவியோடு, மறுபடி கருவியின்றி என மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரே நிலையில் எடுத்த இரு டேங்க்களுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு வருகிறது என்று முதலில் பாருங்கள். அந்த வேறுபாட்டைவிடக் கருவியால் வந்ததாகத் தெரியும் லாபம் பெரிதாக இல்லையென்றால் லாபம் இல்லை என்றே கொள்ளுங்கள்.

கருவி மாட்டியிருக்கிறதா இல்லையா என்பது ஓட்டுபவருக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் ஒருவர் மாட்டுவதையும் கழற்றுவதையும் பார்த்துக்கொண்டு தனியே குறித்துவைக்கட்டும். கடைசியில் இரு நோட்டுகளையும் ஒப்பிடுங்கள்.

ஓபிடி ரீடர் இருந்தால் ஃபியூயல் டிரிம் என்ற எண்ணையும் பாருங்கள். கணினி எவ்வளவு எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ விகிதத்தைச் சரிக்கட்டுகிறது என்பதை அது காட்டும். கூடுதல் காற்றை உள்ளே விடும் கருவியை மாட்டியவுடன் அந்த எண் ஏறினால், நீங்கள் மிச்சப்படுத்த நினைத்த எரிபொருளைக் கணினி திருப்பிச் சேர்க்கிறது என்று பொருள்.

"ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால்தான் பலன் தெரியும்" என்ற நிபந்தனையோடு விற்றால், பணத்தைத் திருப்பித் தரும் கெடு எத்தனை நாள் என்று வாங்கும் முன்பே பாருங்கள். பல நேரம் பலன் தெரியும் நாளுக்கு முன்பே கெடு முடிந்துவிடும்.

ஆறாம் படி: மைலேஜ் உண்மையிலேயே விழுந்திருந்தால் நோயைத் தேடுங்கள்

இந்தக் கருவிகள் செய்யும் பெரிய கெடுதலாக நான் நினைப்பது இதைத்தான். கருவி தேடி வருபவரின் காரில் பெரும்பாலும் ஏதோ ஒரு கோளாறு இருக்கிறது. காந்தத்தை மாட்டிவிட்டு அவர் காத்திருக்கும் மாதங்களில் அந்தக் கோளாறு வளர்கிறது.

முதலில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கோளாறுக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் சென்சார் பழுதானால் மைலேஜ் மிக மோசமாக விழும். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கில், அத்தகைய பெரும் பழுதைச் சரிசெய்தால் 40 சதவீதம் வரைகூட மீளலாம். பிறகு பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சூடாக இருந்தால் அங்கே மெக்கானிக் கை வைக்க வேண்டும். சூட்டை அறியச் சக்கரத்தைத் தொட வேண்டாம், கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். ரேடியேட்டருக்குப் போகும் நீரைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தால் இன்ஜின் சூடேறாமல் எரிபொருளைக் குடிக்கும். ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம். டயர் காற்று குறைந்திருந்தால் அழுத்த அளவில் ஒவ்வொரு பவுண்டுக்கும் சுமார் 0.2 சதவீதம் போகும். ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்று பலரும் சொல்வார்கள். கார்புரேட்டர் காலத்துக்கு அது பொருந்தும். இன்ஜெக்டர் வண்டியில் கணினி காற்றுக்கேற்ப எரிபொருளைக் குறைத்துக்கொள்வதால், அடைத்த ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கிறது. இன்ஜினின் நலனுக்காக ஃபில்டரை மாற்றுங்கள், மைலேஜை எதிர்பார்த்து அல்ல.

மற்றதெல்லாம் ஓட்டும் முறை. சடாரென்று கிளம்பி சடாரென்று பிடிப்பது நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதத்தையும், நின்று நின்று நகரும் நெரிசலில் 10 முதல் 40 சதவீதத்தையும் தின்கிறது. நின்றபடி ஓடும் இன்ஜின் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை குடிக்கும். கூரை மேல் பயன்படுத்தாத பெட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் பெரிய பெட்டி ஒன்று 10 முதல் 25 சதவீதம் வரை பறிக்கும். எந்தக் கருவியும் வாக்களிக்கும் அளவு லாபம், ஏற்கெனவே உங்கள் காலடியிலும் கூரை மேலும் இருக்கிறது.

ஏழாம் படி: மாட்டியாகிவிட்டது என்றால்

கழற்றுங்கள். சென்சார் கம்பியை வெட்டிச் சேர்த்திருந்தால் அனுபவமுள்ள மின் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பழையபடி இணைக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குடுவை என்றால் பேட்டரியின் இணைப்பை முதலில் துண்டிக்க வேண்டும். அதில் உள்ள கரைசல் பெரும்பாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலையும் கண்ணையும் அரிக்கும். உண்டாகும் வாயு ஒரு சிறு பொறியில் வெடிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். கோளாறுக் குறியீடுகளை அழித்துவிட்டுச் சில நாள் ஓட்டியபின் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். கார் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், கருவியால் வந்த பழுதுக்கு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்கும்போது விளம்பரத்தின் படம், ரசீது, உங்கள் டேங்க் கணக்கு நோட்டு மூன்றையும் சேர்த்து எழுத்து மூலமாகக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் கொடுங்கள். தொகை சிறிது என்று விட்டுவிடாதீர்கள். இந்த வியாபாரமே தலைக்குக் கொஞ்சமாக வாங்கி, யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடப்பது.